இசை வளர்த்த கொத்தனார்
காரல் பிரீட்ரிக் செல்ட்டர் வரலாறு

பெர்லின் நகரிலே, கி.பி. 1758-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ஆம் நாள், ஒரு கொத்தனார்க்கு மகனாகப் பிறந்தவர் காரல் பிரீட்ரிக் செல்ட்டர் என்பார். பெர்லின் அக்காலத்தில் பிரஷ்ய அரசின் தலைநகர். இரண்டாம் பிரீட்ரிக் மன்னன் அரசு செலுத்திய காலம். மேனாட்டு இசை வரலாறு கற்றவர் செல்ட்டர் பெயரை அறிவர். ஆயினும் அவருட் பலர், பெலிக்ஸ் மெண்டல்சோன் என்னும் இசைப்பேரறிஞர்க்கு ஆசிரியர், அவர் செய்யப் புகுந்த அரும்பணிக்கு முதலில் தடை சொன்ன கடுமொழிக் கிழவர் என்று இரண்டு வரி எழுதி மேற்செல்வர். மாடத்தைக் கண்டு வியப்பவர் கடைக்காலை நினைப்பதில்லை. கல்லும் சுண்ணாம்பும் கையாண்ட குலத்தவராகிய நமக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் தொழிலிலே பிறந்து, நெடுங்காலம் அத்தொழிலைச் செய்துகொண்டே ஒரு நகரத்தாரைப் பாடவைத்த ஒருவர் வரலாற்றைச் சற்று நின்று காண்பது தகும்.

அந்நாட்டில் ஒவ்வொரு கைத்தொழிலும் கட்டுப்பாடுடைய ஒரு குழுவின் ஆட்சியில் இருந்தது. சிறுவன் முதலில் பயிலாளாகச் சேர்வான். சில ஆண்டில் கைவினையாள் எனத் தேறுவான். பின்னர்த் தன் திறமைக்குச் சான்று காட்டி, மூத்தோர் ஒப்புக்கொண்டால் மேஸ்திரி ஆவான். தந்தையார் மகனை இவ்வழியிலே செலுத்தினார். மகனுக்கோ இளமை முதலே இசையில் பெருவேட்கை. வயலினும் விசைப்பலகை வாத்தியமும் பயின்று, நாடகசாலை வாத்தியக்காரரோடு அமர்ந்து வாசிப்பதும் உண்டு. இத்தகைய வேட்கையுடைய மைந்தருட் சிலர் தந்தை தொழிலை வெறுத்து வீட்டைவிட்டு ஓடுவர். வேறு சிலர் வேட்கையை அடக்கி வாழ்நாளெல்லாம் மனம் புழுங்குவர். செல்ட்டர் இரண்டும் செய்திலர். 1783-இல் முறைப்படி மேஸ்திரி ஆயினார்; கரணையைக் கையினின்று வையாமலே இசையைக் கற்கத் துணிந்தார்.

கற்பதற்கு ஆசிரியர் வேண்டுமே. பிரீட்ரிக் மன்னன் குழல் வாசிப்பதில் வல்லவன். அவனுக்குப் பக்கவாத்தியமாக விசைப்பலகை வாசித்த அரண்மனைக் கலைஞருள் ஒருவர் காரல் ஃபாஷ் என்பவர். அடக்கமும் நுண்ணிய கல்வியும் உடையவர். அரசன் அவையிலே ஆண்டுகள் பல கழித்தும் பெயர் பெறாதவர். 1784 முதல் இரண்டாண்டு செல்ட்டர் இவரிடம் பாடங்கேட்டார். ஆசிரியர் இருந்த இடம் பாட்ஸ்டம் என்னும் ஊர்; பெர்லினிலிருந்து பதினாறு மைலுக்குக் குறையாது. மேஸ்திரி அவ்வளவு தூரமும் கால்நடையாகவே போய்வந்தார். வீடு கட்டுவிப்பதற்கு ஊரார் தேடிவரும் நிலையிலிருந்த ஒருவர், பள்ளிச் சிறுவன்போல் ஏடு தூக்கி நடந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். 1786-இல் மன்னன் இறந்தபோது, அவ்விழவு குறித்துச் செல்ட்டர் இயற்றிய இசைப்பாட்டு பாட்ஸ்டம் நகரத்துக் கோயிலிலே பாடப்பெற்றது.

இனி, பாடற்கழகத்தின் தோற்றத்தைக் கூறுவாம். நம் நாட்டிலே பலர் கூடிப் பாடினால் அனைவரும் ஒரே சுரத்தைப் பாடுவர். மேனாட்டார் கூட்டுப்பாட்டு வேறு வகையினது. பெண்டிருள் உச்சக்குரலார் ஒரு வழியும், தாழ்குரலார் வேறொரு வழியும், ஆடவர் அவ்வாறே இரு வழியும் ஆக, நான்கு குரல்கள் நான்கு இசைவழியே ஒருங்கு செல்லும். செவியில் விழுவது ஒரே பாட்டாக இருக்கும். செங்கல் ஒன்றன்மேல் ஒன்றாக நேரே அடுக்கப்படாமல், மேல்வரியின் நடு கீழ்வரியின் இணைப்பின்மேல் அமையக் கட்டினால் சுவர் உறுதிபெறுவதுபோல என்று கொள்ளலாம். இத்தாலி நாட்டுப் பெனேவொலி என்பவர் இயற்றிய பதினாறு குரற் பாட்டு ஒன்று 1783-இல் பெர்லினுக்குக் கொண்டுவரப்பட்டது. ஃபாஷ் அதனைக் கண்டு, தாமும் அவ்வாறே பதினாறு குரலுக்கு ஒரு கோயிற்பாட்டு இயற்றினார். இயற்றிவிட்டார், பாடுவார் யார்? அரண்மனைப் பாடகர்க்கு அது எட்டவில்லை. ஆகவே தம்மிடம் பாட்டுக் கற்ற மகளிரையும் நண்பரையும் கூட்டி வைத்துப் பயிற்றினார். 1791-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் பெர்லினில் ஒரு பெருமாட்டியார் இல்லத்தில் கூடிய கூட்டத்திலிருந்தே சிங்-அகாடமி என்னும் பாடற்கழகத்தின் வாழ்வு கணக்கிடப்படுகிறது. தொடக்க முதலே செல்ட்டர் அதில் ஓர் உறுப்பினர்.

இக்கழகத்தின் புதுமை யாது? அதற்கு முன்னர்ப் பாடகர் கூட்டம் என்றால் அரசனிடமோ கோயிலிலோ ஊதியம் பெறுவோர் கூட்டம். கோயிற் பாடகர் குழுவில் உச்சக்குரலுக்குப் பெரும்பாலும் சிறுவரையே வைப்பர். பெண்டிர்க்கு இடம் அரிது. இங்கோ ஊதியம் பெறுவார் ஒருவரும் இலர். அரசாங்க அலுவலர், வணிகர், ஆசிரியர், கைத்தொழிலாளர், அவர் மனைவியர், மகளிர் யாவரும் வாரந்தோறும் கூடிப் பயின்றனர். கிறித்தவரோடு யூதக் குடும்பத்தாரும் சமமாக நின்று பாடினர். அக்காலத்து ஜெர்மனியில் இஃது எளிய செய்தியன்று. கைதட்டுக்காகப் பாடுதல் அவர் நோக்கமும் அன்று. 1793-இல் கலைக்கழகக் கட்டடத்தில் ஒரு கூடம் கிடைத்தது. அங்கே பழம் பாட்டுக்களைப் பொறுமையாகக் கற்று, தாமே பாடித் தாமே கேட்டு மகிழ்ந்தனர். 1796-இல் பெர்லினுக்கு வந்திருந்த பீத்தோவன் இவர் பாட்டைக் கேட்டு, அவர்க்கென விசைப்பலகையில் தாமும் வாசித்துக் காட்டினார்.

1800-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஃபாஷ் மறைந்தார். கழகத்தின் தலைமை செல்ட்டர்பால் வந்தது. ஆசிரியர் நினைவுக்கு மோட்சார்ட்டின் இரங்கற் கோயிற்பாட்டைப் பாடுவித்தார். அடுத்த ஆண்டே ஆசிரியர் வரலாற்றைத் தம் கையால் எழுதி அச்சிட்டார். அன்று தொட்டு இறக்குமளவும் முப்பத்திரண்டு ஆண்டுகள் அக்கழகத்தை நடத்தியவர் அவரே. அவர் காலத்தில் கழகத்தார் கற்ற பாட்டுக்களின் வகையை எண்ணினால் வியப்பாகும். இயேசுநாதர் இறந்த வாரத்திலே கிரௌன் என்பவர் இயற்றிய இயேசுவின் மரணம் என்னும் பெரும்பாட்டை ஆண்டுதோறும் பாடினர். பெர்லின் மக்கள் அதனைக் கேளாமல் அவ்வாரம் கழியாது என்னுமாறு அது வழக்கமாயிற்று. ஹேண்டல் இயற்றிய கதைப்பாட்டுக்களும், இத்தாலியப் பழம்புலவர் கோயிற்பாட்டுக்களும், ஃபாஷின் பதினாறு குரற் பாட்டும், கழகத்தார் தாமே இயற்றிய சிறு பாட்டுக்களும் ஒருசேர அங்கே வழங்கின.

இவை எல்லாவற்றினும் மேலாக அவர் போற்றியது செபாஸ்தியன் பாக் என்பவரின் இசையை. பாக் லைப்சிக் நகரத்துக் கோயிலில் இசையாசிரியராய் இருந்து 1750-இல் இறந்தவர். இன்று மேனாட்டிசையின் தந்தை போல் போற்றப்படும் அவரை, அக்காலத்தார் கணக்குப்போட்டு இசை எழுதிய பழங்காலத்தார் என்று ஒதுக்கினர். அவர்தம் பெரும்பாட்டுக்கள் அச்சேறாமல் கையெழுத்துச் சுவடிகளாகக் கிடந்தன. நம் நாட்டுப் பழஞ்சுவடிகள் அடுப்புக்கும் ஆற்றுக்கும் போன கதையை அறிந்தவர் இதன் இடரை உணர்வர். செல்ட்டர் அச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். ஆபிரகாம் மெண்டல்சோன் என்னும் யூத வணிகர், பாக் குடும்பத்தார் சுவடிகளை ஏலத்தில் வாங்கிக் கழகத்துக்கு நன்கொடையாக ஈந்தார். சாரா லேவி என்னும் யூதப் பெருமாட்டியார், பாக் மைந்தருள் மூத்தவரிடம் நேரே பாடங்கேட்டவர். அவரும் தம்மிடமிருந்த ஏடுகளை வழங்கியதோடு, 1807-இல் செல்ட்டர் நிறுவிய வாத்தியப் பயிற்சிக் கூட்டத்தில் பாக் இசையைத் தாமே வாசித்தார். 1811 முதல் பாக் இயற்றிய பெருங் கோயிற்பாட்டைக் கழகத்தார்க்குச் சிறிது சிறிதாகப் பயிற்றத் தொடங்கினார் செல்ட்டர். 1815-இல் மத்தேயு சுவிசேஷப் பாடுகளின் பாட்டிலிருந்தும் சில பகுதிகளை எடுத்துக்கொண்டார். இவையெல்லாம் கதவடைத்த பயிற்சியே, ஊரார் கேளார். செவி பழகாத மக்கள்முன் இதனை வைத்தால் எள்ளி நகையாடுவர் என்று அஞ்சினார் போலும்.

இதற்கிடையே அவர் பட்ட துன்பங்கள் பல. முதல் மனைவியார் 1795-இல் இறந்தார். அடுத்த ஆண்டு மணந்த யூலியானே அம்மையார் கழகத்தில் இனிய குரலால் பெயர்பெற்றவர். அவரும் 1806-இல் இறந்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே நெப்போலியன் படை பெர்லினுட் புகுந்தது. அரசர் ஊரைவிட்டு நீங்கினார். நகரை ஆளும்படி அமைக்கப்பட்ட குழுவிலே கொத்தனார் செல்ட்டரும் ஒருவராய் இருந்து, பகைவர்க்கும் நகரத்தார்க்கும் இடையே அலைந்தார். வீடு கட்டுவிப்பார் இன்றித் தொழில் படுத்தது. வீட்டிலோ தாயற்ற மக்கள். அந்நாளிலும் கழகத்தின் கூட்டம் நின்றுவிடவில்லை. 1809-இல் ஆடவர் இருபத்தைவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து உண்டு பாடும் லீடர்தாஃபெல் என்னும் கூட்டத்தையும் தொடங்கினார். பின்னர் ஜெர்மனி எங்கும் பரவிய ஆடவர் பாடற்கூட்டங்களுக்கு அது வழிகாட்டியது. அதே ஆண்டில் அரசாங்கம் அவரைக் கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியராக்கியது. நாட்டு மக்களுக்கு இசைக்கல்வி வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே அரசாங்கத்தார்க்கு அவர் எழுதி வற்புறுத்தி வந்ததன் பயன் இது. 1822-இல் கோயிலிசை கற்பிக்கும் ஒரு கல்விக்கூடமும் அவரால் நிலைபெற்றது.

கெத்தே என்னும் மகாகவியோடு அவர் பூண்ட நட்பைக் கூறாது விடலாகாது. தம் பாடலுக்குச் செல்ட்டர் அமைத்த மெட்டுக்களைக் கேட்ட கெத்தே, அவற்றில் மனம் தோய்ந்தார். நம்மூர்ச் சிந்தும் கும்மியும்போல எல்லாக் கண்ணிக்கும் ஒரே மெட்டு வைத்து, பாட்டின் சொல்லை இசை மூடாதவாறு அமைத்தல் செல்ட்டர் முறை. கவியின் உள்ளத்துக்கு அதுவே உவப்பாயிற்று. 1799 முதல் முப்பதாண்டுக்கு மேல் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் எண்ணூறுக்கு மேற்படும். 1812-ஆம் ஆண்டு இறுதியில் செல்ட்டரின் முதல் மனைவியார்க்கு முன்மணத்திற் பிறந்த மகன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அத்துயரைச் செல்ட்டர் எழுதியபோது, அதுவரை மரியாதைப் பன்மையில் எழுதிவந்த கெத்தே, உடன்பிறந்தானுக்கு எழுதுவதுபோல ஒருமையில் விளித்து மறுமொழி விடுத்தார். நாட்டின் முதற்கவி ஒரு கொத்தனாரை அவ்வாறு அழைத்தது அந்த ஒருமையால் இழிவாகவில்லை, ஆறுதலாயிற்று. இறுதிவரை அவ்வழைப்பு மாறவில்லை.

செல்ட்டர்பால் பாடங்கேட்டோர் பலர். மேயர்பீர், நிக்கொலாய் முதலிய நாடக இசைப்புலவரும் அவருள் அடங்குவர். எல்லாரினும் சிறந்தவர், முற்கூறிய ஆபிரகாம் மெண்டல்சோனின் மக்களாகிய ஃபான்னியும் பெலிக்ஸும். 1820-இல் இவ்விருவரும் கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து தாழ்குரலாரோடு நின்று பாடினர். அடுத்த ஆண்டு பன்னிரண்டு வயதுப் பெலிக்ஸை வைமார் நகருக்கு அழைத்துச் சென்று கெத்தேயின்முன் வாசிக்கச் செய்தார் ஆசிரியர். 1824-இல் அப்பிள்ளைக்கு வயது பதினைந்து நிறைந்த நாளில், கூடியிருந்தோர் கேட்க, மோட்சார்ட்டு, ஹைடன், பாக் என்னும் மூவர் பெயராலும் அவரைப் பயிலாள் நிலையிலிருந்து கைவினையாள் நிலைக்கு உயர்த்துவதாக அறிவித்தார். எடுத்துக்கொண்டது கொத்தனார் குழுவின் முறை, கொடுத்தது இசைப்பட்டம். இத்தனை ஆண்டு பேராசிரியராய் இருந்தும் தம் தொழிற்குழுவின் மொழியே அவர் வாயில் மகிழ்ச்சி நேரத்தில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கழகத்துக்குச் சொந்தக் கட்டடம் 1825-இல் தொடங்கி 1827-இல் முற்றுப்பெற்றது. இரண்டாண்டுக்குள் அங்கே நிகழ்ந்ததே உலகம் அறிந்த செய்தி. பாக் இயற்றிய மத்தேயு சுவிசேஷப் பாடுகளின் பாட்டை முழுமையாக அரங்கேற்ற வேண்டும் என்று பெலிக்ஸுக்கு வேட்கை எழுந்தது. இரண்டு பாடகர் கூட்டமும் இரண்டு வாத்தியக் கூட்டமும் வேண்டும் பாட்டு அது. பாக் மறைந்தபின் லைப்சிக் நகருக்கு வெளியே எவரும் பாடிக் கேட்டிலர். 1829 ஜனவரியில் பெலிக்ஸும் அவர் நண்பராகிய தேவ்ரியென்ட் என்னும் பாடகரும் ஆசிரியரைக் கண்டு இசைவு வேண்டினர். கிழவர் சினந்தார். முதிர்ந்தோர் முயன்று தயங்கியதை இளைஞர் விளையாட்டாக எண்ணுகின்றனர் என்று கடிந்தார். பெலிக்ஸ் திரும்பிவிட எண்ணினார். தேவ்ரியென்ட் விடாது மன்றாடினார். முடிவில் கிழவர் இசைந்தார். இசைந்ததோடு நில்லாமல் தம் கழகத்தையும் கூடத்தையும் முழுதும் இருபது வயது இளைஞரிடம் ஒப்புவித்துத் தாம் ஒதுங்கினார்.

மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் அரங்கேற்றம். நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் பாடினர். அரசர் வந்திருந்தார், தத்துவப் பேராசிரியர் ஹெகல் வந்திருந்தார், இடமின்றித் திரும்பினோர் பலர். பாக் பிறந்த நாளாகிய 21-ஆம் நாள் மீண்டும் பாடினர். பெலிக்ஸ் இங்கிலாந்து சென்றபின், ஏப்ரல் 17-ஆம் நாள் பெரிய வெள்ளிக்கிழமையில் மூன்றாம் முறை நடத்தியவர் செல்ட்டர். பாக்கின் புகழ் மறுபிறப்பெடுத்த நாள் என்று வரலாற்றார் கூறுவது இதனையே. அப்புகழைப் பெலிக்ஸுக்கு உரியதாக்குதல் முறையே. ஆயினும், ஒன்றரைத் திங்களில் அத்துணைக் கடினமான பாட்டைப் பாடவல்ல நூற்றைம்பது தொண்டைகள் எங்கிருந்து வந்தன? முப்பதாண்டாக வாரந்தவறாமல் பாக்கின் பாட்டிலே பழகிய தொண்டைகள் அவை. அச்சுவடிகளை வைத்துக் காத்த பேழையும் அவருடையது. அப்பிள்ளைக்குப் பாக்கின் எழுத்தைப் படிக்கக் கற்பித்த வாயும் அவருடையது.

குறைகளையும் மறைத்தல் தகாது. அவர் நாக்கு கொடியது. பெர்லியோஸ் என்னும் பிரெஞ்சு இளைஞர் கெத்தேக்கு அனுப்பிய இசைநூலைப் பற்றிக் கவி கருத்துக் கேட்க, மிக இழிவாக எழுதிவிட்டார். பீத்தோவனின் பெருமையை உணர அவர்க்கு நெடுநாள் பிடித்தது. பாக்கின் பாட்டையும் தம் கருத்துப்படி அங்கங்கே திருத்தினார். மூலத்திற் கைவைத்தல் பதிப்பாசிரியர் எவர்க்கும் பெருங்குற்றமே. எல்லாவற்றினும் வருந்தத்தக்கது, தம் கழகத்தைச் சுவடியாலும் பொருளாலும் தாங்கிய யூத மக்களைப் பற்றி, அன்புக்குரிய மாணாக்கரின் குடும்பம் உட்பட, நண்பர்க்கு எழுதிய கடிதங்களில் ஏளனமாக எழுதியது. இருவரும் மறைந்தபின் 1833-லும் 1834-லும் அக்கடிதங்கள் அச்சாகி வந்தபோது மெண்டல்சோன் வீட்டார் பட்ட மனப்புண் சிறிதன்று. நேரிற் காட்டிய அன்பு பொய்யன்று என்றே நினைக்கிறேன். எழுத்திலே விட்ட சொல்லும் அழிந்துபோகவில்லை.

கெத்தே 1832 மார்ச்சு 22-ஆம் நாள் இறந்தார். ஐம்பத்து நான்கு நாள் கழித்து, மே மாதம் 15-ஆம் நாள், செல்ட்டரும் பெர்லினில் மறைந்தார். சோபியா கோயிலின் இடுகாட்டில் அவரைப் புதைத்தனர்.

அடுத்த தலைவரைக் கழகத்தாரே வாக்களித்துத் தெரிந்தெடுப்பது முறை. 1833 ஜனவரியில் தேர்தல் நடந்தது. செல்ட்டருக்குத் துணையாய் ஆண்டுகள் பல உழைத்த ருங்கென்ஹாகென் என்பவர்க்கு 148 வாக்கும், பெலிக்ஸ் மெண்டல்சோனுக்கு 88 வாக்கும் கிடைத்தன. மூத்தவர்க்கு உழைப்பின் உரிமை இருந்தது உண்மை. இளையவர் வயது இருபத்து மூன்று என்பதும் உண்மை. சிறுவயதிலே ஞானஸ்நானம் பெற்றிருந்தும், அவர் பிறப்பை எண்ணி வாக்கை மாற்றிப் போட்டவரும் இருந்தனர் என்று வரலாற்றார் பலர் கருதுகின்றனர். எல்லாக் குலத்தாரும் நின்று பாடிய கூடத்தில், தலைமை என்று வந்தவுடன் பிறப்பு எண்ணப்பட்டதாயின், அதனை நம்மனோர் ஒருமுறைக்கு இருமுறை படித்தல் நலம். சங்கங்களின் தேர்தல் எப்படி நடக்கும் என்பதை நாமும் சிறிது அறிவோம். மெண்டல்சோன் குடும்பத்தார் கழகத்தினின்று விலகினர். பெலிக்ஸ் சில ஆண்டில் லைப்சிக் சென்று, பாக் வாழ்ந்த அந்நகரிலேயே பெரும்புகழ் எய்தினார்.

செல்ட்டர் சேர்த்த சுவடிகளின் கதை இன்னும் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெர்லின்மேல் குண்டு விழத் தொடங்கியபோது, 1943-இல் அவற்றைச் சைலீசியா நாட்டு மாளிகை ஒன்றுக்கு அனுப்பிவைத்தனர். போர் முடிந்தபின் பார்த்தால் அவை அங்கு இல்லை. எரிந்தன என்றே பலரும் நம்பினர். சோவியத் படையினர் அவற்றை உக்ரேன் நாட்டுக் கீவ் நகருக்குக் கொண்டுபோயிருந்தனர். ஐம்பதாண்டுக்கு மேல் கழிந்து, 1999-இல் அந்நகரத்து ஆவணச்சாலை ஒன்றில் அறிஞர் சிலர் அவற்றைக் கண்டுபிடித்தனர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகள். பாக் குடும்பத்தார் இசை, உலகம் இழந்ததாக எண்ணியிருந்தது, அவற்றுள் இருந்தது. 2001-ஆம் ஆண்டில் அவை பெர்லினுக்கு மீண்டன. கழகம் கட்டிய கூடம் 1952 முதல் நாடக அரங்காகிவிட்டது; ஏடுகள் அரசாங்க நூல்நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளன; பாடற்கழகத்தார் இன்றும் பெர்லினிலே கூடிப் பாடி வருகின்றனர்.